0.00 என்று காட்டும் நிலை

செஸ் பயிற்சியாளருக்கு இப்போது வேலையில் பெரும்பகுதி, எஞ்சின், அதாவது செஸ் நிலைகளை மதிப்பிடும் கணினி நிரல், திரையில் காட்டும் எண்ணுக்குப் பொருள் சொல்வதாகிவிட்டது. தோற்றுவிட்டு வரும் மாணவர், பலகையில் தாம் என்ன நினைத்தார் என்று சொல்லத் தொடங்கும் முன்பே, “அந்த இடத்தில் 0.00தான் சார், சமமாகத்தான் இருந்திருக்கிறது” என்கிறார். நிலையைப் பார்த்தால், கறுப்பு ராஜாவுக்கு முன்னால் சிப்பாய் அரண் இல்லை. அடுத்தடுத்து நான்கைந்து முறை ஒரே ஒரு நகர்த்தல்தான் ஆட்டத்தைக் காப்பாற்றும், அவற்றிலும் ஒன்று குதிரையைப் பலகையின் மூலைக்கே திருப்பி அனுப்புவது. எஞ்சினுக்கு அது சமம். அனுபவமுள்ள ஆட்டக்காரர் எவரும் விரும்பி அந்தக் கறுப்புப் பக்கம் உட்காரமாட்டார். இரண்டுமே சரியான மதிப்பீடுகள்தாம். பிழையே செய்யாத இருவர் தொடர்ந்து ஆடினால் என்ன ஆகும் என்பதை எஞ்சின் சொல்கிறது. எந்தப் பக்கம் ஆடுவது எளிது, அடுத்து எதை நோக்கி ஆட வேண்டும் என்பதை மனிதர் சொல்கிறார்.

கணிதவியலாளர் கிளாட் ஷானன், கணினியைச் செஸ் ஆடவைப்பது பற்றி 1950இல் வெளியிட்ட கட்டுரையில், ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என மதிப்பளித்து, சிப்பாய் அமைப்பின் குறைகளையும் காய்கள் நகர்வதற்குள்ள வழிகளையும் அதனுடன் கூட்டிக் கழித்து, ஒரு நிலையை ஓர் எண்ணாக்கிக் காட்டினார். 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5–2.5 என வென்ற செஸ் கணினி டீப் புளூ, நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. மனிதர் அந்த வழியில் போவதேயில்லை. மாஸ்டர்கள் மற்றவர்களைவிட வெகு ஆழமாகக் கணக்கிடுவதில்லை, நல்ல நகர்த்தல்கள்தாம் அவர்கள் கண்ணில் முதலில் படுகின்றன என்பது உளவியலாளர் டி குரூட் 1940களில் செய்த ஆய்வின் முடிவு. சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973இல் காட்டியது எனக்கு இன்னும் பயன்படுகிறது: உண்மையான ஆட்டத்து நிலையைச் சில நொடிகள் பார்த்துவிட்டு மாஸ்டர் பெருமளவு நினைவிலிருந்தே அடுக்கிவிடுவார், காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடும்.

நரம்பு வலைப்பின்னல்கள், அதாவது ஏராளமான ஆட்ட நிலைகளிலிருந்து மதிப்பிடக் கற்றுக்கொள்ளும் நிரல்கள், வந்தபின் எஞ்சின்களும் மனிதரைப்போல் ‘உணர்கின்றன’ என்று சிலர் சொல்வதை நான் முழுவதுமாக ஏற்கவில்லை. மதிப்பிடும் முறை மாறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினின் 15.1 பதிப்பில் +1.00 என்பதற்கு வகுக்கப்பட்ட பொருள், எஞ்சின் தன்னோடு தானே ஆடினால் முன்னிலையில் உள்ள பக்கத்தின் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்பதே. களைப்பும் கடிகாரமும் அந்தக் கணக்கில் இல்லை.

ஏழு காய்களுக்கு மிகாத முடிவாட்டங்களில் மதிப்பீட்டுக்கே இடமில்லை, வெற்றியா சமனா என்பதை டேபிள்பேஸ், அதாவது எல்லா நிலைகளுக்கும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த முடிவுகளின் தொகுப்பு, தீர்த்துச் சொல்லிவிடும். யானையும் பிஷப்பும் ஒருபுறம், யானை மட்டும் மறுபுறம் என்ற நிலை பெரும்பாலும் சமன்தான். ஆயினும் கிராண்ட்மாஸ்டர்களே அதைக் காக்க முடியாமல் தோற்றிருக்கிறார்கள். ஆகவே எஞ்சினை அணைத்துவிட்டு, இந்த முடிவாட்டத்தைக் காக்கும் முறைகளான காக்ரேன் தற்காப்பையும் இரண்டாம் வரிசைத் தற்காப்பையும், குறைந்த நேரமே மிச்சமுள்ள கடிகாரத்தோடு, 50 நகர்த்தல் விதியை (காய் வெட்டாமலும் சிப்பாயை நகர்த்தாமலும் இருபுறமும் 50 நகர்த்தல்கள் கடந்தால் சமன் கோரலாம்) எட்டும்வரை மாணவர்களை ஆடவைக்கிறேன்.