மார்கழிப் பனியில் மிதிவண்டி

மார்கழி பிறந்ததிலிருந்து வாரத்தில் 4 நாட்கள், காலை 5 மணிக்கெல்லாம் காரைக்குடியிலிருந்து புறப்பட்டுக் குன்றக்குடி மலையடிவாரம் வரை மிதிவண்டியில் சென்று திரும்புகிறேன். பனி கனத்த நாட்களில் கைப்பிடியின் ரப்பர் உறை நனைந்து வழுக்குகிறது. சங்கிலியில் ஒட்டிய செம்மண்ணை அன்றே துணியால் துடைக்காவிட்டால் மறுநாள் கரகரவென்று அரைபடுகிறது. மற்ற நாட்களின் காலைப்பொழுது மகளுக்குரியது; தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்புவது என் பொறுப்பு.

ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால், ஒரு மணி நேர ஓட்டம் மட்டுமே எடையைக் குறைத்துவிடாது. ஆனாலும் அம்மா சுடும் வெள்ளைப் பணியாரத்தையும் கந்தரப்பத்தையும் மறுக்க எனக்கு மனம் வருவதில்லை, மறுப்பது சரியென்றும் தோன்றவில்லை. இரண்டோடு நிறுத்திக்கொண்டு இரவு உணவை 7 மணிக்குள் முடித்துவிடுகிறேன். இதுவரை 3 கிலோ குறைந்திருக்கிறது.

திருக்கார்த்திகையிலிருந்து 21 நாட்கள் எண்ணி வரும் பிள்ளையார் நோன்பன்று, 21 நூலிழைத் திரி எரியும் மாவைச் சுடரோடு வாயில் இட்டுக்கொள்ள வீடே கூடும். வேலை எவ்வளவு இருந்தாலும் அந்த மாலை நான் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால், அலுவலகத்தில் இப்போதே விடுப்புச் சொல்லிவிட்டேன்.