தராசின் முகம் யார் பக்கம்?

கோத்தகிரியிலிருந்து திருமணமாகி இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கு வந்த எனக்கு, ஊரைவிட வேலையிடம் பழகுவதற்கே நாளாயிற்று. பனியும் தேயிலையும் நீலகிரியிலும் உண்டு. இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால், இங்குள்ள பொகவந்தலாவையை விட்டுக் கப்பலேறிய குடும்பம் எங்களுடையது என்பதால், பேச்சோ சமையலோ அந்நியமாகத் தோன்றவில்லை. விசாவுக்காகக் கொழும்புக்கு அலைந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் அது தனிக்கதை.

சிட்னியில் உள்ள ஒரு கணக்கு நிறுவனத்துக்காக ஹட்டனில் இயங்கும் சிறிய அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்குள்ள ஒவ்வொரு கணினியிலும் ஒரு கண்காணிப்பு மென்பொருள் ஓடுகிறது. அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்து, விசைப்பலகையும் மவுஸும் எவ்வளவு அசைந்தன என்பதைச் சதவீதமாக்கி மேலாளருக்கு அனுப்புகிறது. நிலுவைப் பட்டியலை அச்சிட்டு, பேனாவால் வரிவரியாகச் சரிபார்க்கும் அரைமணி நேரம், நான் சும்மா இருந்த நேரமாகவே பதிவாகும். அடுத்த மேசைப் பெண் காகிதத்தைப் படிக்கும்போதே இடக்கையால் மவுஸை ஆட்டிக்கொண்டிருப்பாள். நம்பாத இடத்தில் ஆட்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள், அவளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் மாமியிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "கங்காணி பின்னுக்கு நிக்கிறது தெரியும், போறதும் தெரியும் புள்ள. ஒன் பொட்டிக்குள்ள நிக்கிறவன் எப்பப் போவான்?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய கோபம் முழுவதும் தராசின் மேல்தான். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை கொழுந்து நிறுக்கும்போது, சாக்குக்கென்றும் மழை ஈரத்துக்கென்றும் கிலோக்களைக் கழிப்பது தோட்டங்களில் நெடுங்காலச் சண்டை. மாமி தம் சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்து, கணக்கப்பிள்ளை எழுதுவதற்கு முன்பே எண்ணை உரக்கச் சொல்லிவிடுவாராம். பின்னால் நிற்கும் பெண்களும் அதைக் கேட்டு வைத்துக்கொள்வார்கள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயாக்கப்பட்டபின், பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவை உயர்த்திவிட்டார்கள் என்றும், எட்டாதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிறார்கள் என்றும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. ஒரு கிலோ கூடக் குறைய எழுதப்படுவது அன்று முதல் இன்னும் பெரிய விஷயமாயிற்று. மாமியின் தோட்டத்தில் இப்போது டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. எண் துல்லியமாகத்தான் விழுகிறது, ஆனால் அதன் முகம் கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே அங்கே பறிக்கும் நாத்தனாரின் புகார்.

என் குறையும் அதுவே. வெளிநாட்டு முதலாளி தூரத்திலிருந்து வேலையைச் சரிபார்க்க விரும்புவது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்; என்னைப் பற்றிய கணக்கை நான் படிக்க முடியாதபடி வைத்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 2005ஆம் ஆண்டின் பணியிடக் கண்காணிப்புச் சட்டப்படி, கண்காணிப்பு தொடங்குவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே, அது எவ்வகையானது, எப்படி நடக்கும் என்பதை ஊழியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதே நிறுவனத்தின் அதே பேரேடுகளைப் பார்க்கும் எனக்கு அப்படி ஒரு கடிதமும் வரவில்லை. இலங்கையிலும் 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போயிற்று. ஊரில் இருந்திருந்தாலும் பெரிதாக வென்றிருக்க மாட்டேன்: இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், வேலை தொடர்பான சில தேவைகளுக்கு ஊழியரின் சம்மதமின்றியே தரவைக் கையாள முதலாளிக்கு இடமளிக்கிறது.

சென்ற மாதம் என் பதிவுகளைக் காட்டுமாறு மேலாளரிடம் எழுதிக் கேட்டேன். காகித வேலைக்கான நேரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ள ஒரு பொத்தானைச் சேர்த்துக் கொடுத்தார்கள், பதிவுகளைக் காட்டவில்லை. நிறுவையில் தகராறு வந்தால் நாத்தனார் தோட்டத்துச் சங்கத் தலைவரைத் தராசடிக்கே அழைத்து வருகிறாள். எங்கள் அலுவலகத்தில் சங்கம் இல்லை; அடுத்த மேசைப் பெண்ணும் நானும் சேர்ந்து இரண்டாவது கடிதத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம், காகிதத்தில்.