கெபிக்குள் இருக்கும் காலம்

வேலைக்காகக் காத்திருக்கிறவர்களிடம் "கர்த்தருடைய வேளை வரும்மா" என்று சொல்லிவிட்டுப் போவது ரொம்ப சுலபம். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் என் கணவரைப் பற்றிக் கேட்பார்கள், "அவருக்கு இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று. அன்பில்தான் கேட்கிறார்கள், சரி. ஆனால் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

இந்த மாதங்களில் எனக்குத் துணையாக இருப்பது வேதாகமத்தில் இருக்கும் 142ஆம் சங்கீதம். தாவீது கெபியில், அதாவது குகையில், இருந்தபோது செய்த ஜெபம் என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. சாமுவேல் தீர்க்கதரிசி அவரை அடுத்த ராஜாவாக எண்ணெய் ஊற்றி அபிஷேகம் செய்தாயிற்று, ஆனால் சிம்மாசனத்தில் சவுல் ராஜா உட்கார்ந்திருக்கிறான், இவரோ உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறார். அதுல்லாம் கெபியில் அவரோடு சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், முறுமுறுக்கிறவர்கள், ஏறக்குறைய 400 பேர். (கடன்பட்டவர்கள் என்ற இடத்தில் நான் கொஞ்சம் சிரித்துவிட்டேன், எங்கள் வீட்டு நகையும் அடகில்தான் இருக்கிறது.)

அந்த ஜெபத்தில் தாவீது பெரிய விசுவாச வீரராகப் பேசவில்லை, என்னை விசாரிக்க ஒருவருமில்லை என்று புலம்புகிறார், அதே மூச்சில் நீரே என் அடைக்கலம் என்றும் சொல்கிறார். புலம்பினால் விசுவாசக் குறைவு என்று யார் சொன்னார்களோ! இப்போதெல்லாம் ராத்திரி பாத்திரம் கழுவும்போது நானும் இருப்பதை இருக்கிறபடியே கர்த்தரிடம் கொட்டிவிடுகிறேன், அப்புறம் தூக்கம் வருகிறது. வேலை இன்னும் வரவில்லை.

உங்களில் யாராவது இப்படிக் காத்திருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்து ஜெபிப்போம். எப்போது அமையும் என்று மட்டும் கேட்கமாட்டேன்.