அடிபடாமலே நீலமாகும் விரல்

எங்கும் இடிக்கவில்லை, எதுவும் கடிக்கவில்லை. விரலில் சுருக்கென்று ஒரு வலி, கூடவே எரிச்சல். சில நிமிடங்களில் உள்ளங்கைப் பக்கம் வீங்கிக் கருநீலமாகக் கன்றிவிடுகிறது. 50 வயதை ஒட்டிய பெண்களுக்குத்தான் இது அதிகம். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டில்தான் பெரும்பாலும் வரும். ஜெர்மன் மருத்துவர் வால்டர் ஆக்கன்பாக் 1950-களில் விவரித்ததால் ஆக்கன்பாக் நோய்க்குறி என்கிறார்கள். தோலுக்கடியில் ஒரு சிறு ரத்தநாளம் கசிகிறது, அவ்வளவுதான். கனமான பையைத் தூக்கியது, ஈரத்துணியைப் பிழிந்தது போதும். சில நேரம் அதுகூட இருக்காது.

முதலில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். புது ஜீன்ஸின் சாயமும் இப்படித்தான் விரலில் ஏறும். நிறம் போகவில்லை என்றால் விரல்நுனியைப் பாருங்கள். ஆக்கன்பாக்கில் கன்றல் பெரும்பாலும் அடிக்கணு, நடுக்கணுவோடு நின்றுவிடும். நுனியும் நகமும் தப்பிவிடும். நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பி, விரலும் மறுகை விரலைப் போலவே வெதுவெதுப்பாக இருந்தால் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது.

இதை ரேனோ என்ற விரல் ரத்த ஓட்டக் கோளாறோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ரேனோவில் குளிர் பட்டதும் விரல் வெளுக்கும், பிறகு நீலமாகும், சூடேறினால் சிவந்து பழைய நிலைக்கு வரும். கன்றல் அப்படி மறையாது. பச்சை, மஞ்சள் என்று மாறிக் கரைய சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும்.

மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கியபின் வராது. வலித்த இடத்தை அழுத்திப் பிடித்து, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். உருவிவிடுவது, தைலம் போட்டுத் தேய்ப்பது இரண்டும் வேண்டாம், கசிவு கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஏற்கெனவே ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விரல் வெளுத்துச் சில்லிட்டாலோ, நுனி கறுத்தாலோ, மரத்துப்போனது தெளியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். உடம்பில் வேறு இடங்களிலும் கன்றினால், ஈறில் ரத்தம் கசிந்தால் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகளும் பார்க்கச் சொல்வார்கள், ஆக்கன்பாக்கில் இவையெல்லாம் சரியாகவே இருக்கும். மறுபடி வரக்கூடியது என்பதால், நிறம் மாறிய முதல் மணி நேரத்திலேயே இரு பக்கமும் ஒரு படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் பெரும்பாலும் விரல் தெளிந்திருக்கும்.