வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்கு ஆன்லேயா, கிரவுனா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ரூட் கெனால் (வேர் சிகிச்சை) முடித்து வெளியே வருபவர்கள் பலரின் கையில் ஒரு எஸ்டிமேட் இருக்கும். "பல் எண் 46, கிரவுன்" என்று அதில் எழுதியிருக்கும். கிரவுன் என்பது பல்லை முழுதாகச் சுற்றி மூடும் தொப்பி. ஆன்லே என்பது கடிக்கும் மேற்பகுதியை மட்டும் மூடி ஒட்டும் துண்டு. 46 என்பது கீழ்வரிசையில் வலப்பக்க முதல் கடைவாய்ப் பல். இடப்பக்கம் என்றால் 36. அந்தக் காகிதத்தை எழுதும் முன்பே பழைய ஃபில்லிங்கையும் சொத்தையையும் முழுதாக எடுத்துப் பார்த்துவிட்டார்களா? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எக்ஸ்ரேயை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. சொத்தை போன பிறகு எத்தனை சுவர் நிற்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு கனம், விளிம்பு ஈறுக்கு மேலே இருக்கிறதா அடியில் போய்விட்டதா என்று பல்லைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நரம்பு எடுத்த பல் காய்ந்துபோய் நொறுங்கிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பல் உடைவதற்கு முக்கியக் காரணம் அது இல்லை, சுவர் போனதுதான். 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வகச் சோதனையில், நரம்பெடுக்க நடுவில் துளை மட்டும் போட்ட பல்லின் விறைப்பு (வளையாமல் தாங்கும் தன்மை) சுமார் 5 சதவீதமே குறைந்தது. பக்கத்துப் பற்களைத் தொடும் ஓரமேடுகள் இரண்டையும் வெட்டியபோது சுமார் 63 சதவீதம் குறைந்தது. ஆகவே இரண்டு ஓரமேடும் பழுதில்லாமல் இருந்து, துளையும் சிறியதாக இருந்தால், நன்றாக ஒட்டிய காம்போசிட் (பல் நிற ரெசின்) ஃபில்லிங்கே பல நேரம் போதும். இந்த மூன்றாவது வழியையும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஓரமேடு ஒன்றோ இரண்டோ போய், கன்னப் பக்கச் சுவரும் நாக்குப் பக்கச் சுவரும் உறுதியாக நின்றால் ஆன்லேதான் என் முதல் தேர்வு. மேலிருந்து 1.5 முதல் 2 மி.மீ. வரை குறைத்து, முகடுகளை (கடிக்கும் பரப்பில் மேடாக நிற்கும் முனைகளை) மூடிவிடுவார்கள். கழுத்துப் பகுதியைத் தொடவே மாட்டார்கள். கிரவுனுக்கு என்றால் சுற்றிலும் சீவ வேண்டும். கடைவாய்ப் பல்லில் ஈறுக்கு மேலே தெரியும் பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்கூடப் போய்விடலாம். ஏற்கெனவே உள்ளே குடைந்த பல்லை வெளியிலும் சீவினால் நடுவில் மெல்லிய வளையம்தான் மிஞ்சும். பிறகு ஒரு நாள் ஆட்டுக்கறி எலும்பைக் கடிக்கும்போது கிரவுன் அப்படியே இருக்க, பல் ஈறு மட்டத்தில் முறிந்துவிடுகிறது.

நிற்கும் சுவரை மூடாமல் விடலாமா என்பதற்கும் அளவு உண்டு. கடிக்கும் பாரத்தை நேராகத் தாங்கும் முகட்டில் சுமார் 3 மி.மீ., மற்றதில் 2 மி.மீ. கனமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் முகட்டை இறக்கி மூடிவிட வேண்டும். மேல் முன்கடைவாய்ப் பற்களில் இந்த அளவு இருந்தாலும் மூடிவிடுவதே நல்லது. அவற்றின் இரண்டு முகடுகளும் உயரமாகவும் ஒடுங்கியும் இருப்பதால், ஆப்பு அடித்ததுபோல் நடுவில் பிளந்துகொள்ளும்.

கிரவுன் தேவைப்படும் இடமும் தெளிவானது. சுவர்கள் பெரும்பாலும் போய்விட்ட பல், முன்பே கிரவுன் போட்டிருந்த பல், பக்கவாட்டில் விரிசல் ஓடும் பல், இவற்றுக்குக் கிரவுன்தான். அப்போதும் ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்குச் சொந்தப் பல் நிற்க வேண்டும். பீப்பாயின் இரும்பு வளையம்போல் கிரவுன் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. அது இல்லையென்றால் வேருக்குள் போஸ்ட் (சிறு தண்டு) செருகினாலும் பயனில்லை. போஸ்ட் பல்லுக்குப் பலம் தருவதில்லை, உள்ளே கட்டும் நிரப்பைப் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. விரிசல் வேருக்குள் இறங்கி, ஈறில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் டாக்டரின் அளவுக் கம்பி ஆழமாகப் போனால் ஆன்லே, கிரவுன் இரண்டுமே வீண் செலவு.

ஆன்லே நிற்பது ஒட்டும் வேலையில். ரப்பர் டாம் (பல்லைத் தனியாகப் பிரிக்கும் ரப்பர் விரிப்பு) கட்டி, எச்சிலும் ரத்தமும் படாமல் ஒட்ட வேண்டும். விளிம்பு எனாமலில் முடிந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கான் ஆன்லேயின் உட்புறத்தை 5 சதவீத ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் 20 விநாடி அரித்து, கழுவி உலர்த்தி, சைலேன் என்னும் பிணைப்புத் திரவம் பூசி, ரெசின் சிமென்டால் ஒட்டுவார்கள். ஜிர்கோனியா என்னும் கடினமான பீங்கானில் அந்த அமிலம் இந்தப் பலனைத் தராது. அதற்கு மணல் வீச்சும் தனி பிரைமரும் வேண்டும். கிராம்புத் தைலச் சத்தான யூஜெனால் கலந்த தற்காலிக அடைப்பு உள்ளே எச்சமாக இருந்தாலும் ரெசின் சரியாக இறுகாது. கழன்று விழும் ஆன்லேக்களில் பல, பொருள் கெட்டதால் இல்லாமல் இந்தப் படிகளில் ஒன்று தவறியதால் விழுகின்றன. ஈறுக்கு அடியில் ஆழமாகப் போன, உலர்வாக வைக்கவே முடியாத விளிம்பு என்றால், கிளாஸ் அயனோமர் சிமென்டில் உட்காரும் கிரவுன்தான் நேர்மையான தேர்வு.

தற்காலிக அடைப்பை நம்பி மாதக்கணக்கில் இருக்கக் கூடாது. குறைந்தது 3.5 மி.மீ. கனம் இருந்தால்தான் அது கசியாமல் தாங்கும், அதுவும் சில வாரங்களுக்குத்தான். கசிந்தால் கிருமி மறுபடி வேருக்குள் இறங்கி, செய்த வேர் சிகிச்சையே வீணாகும். பல் வலிக்காததால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நரம்பு இல்லாத பல் உள்ளே கெடுவதை வலித்துச் சொல்லாது. தைப்பூசத்தில் நாக்கிலோ கன்னத்திலோ வேல் குத்திக் காவடி எடுப்பவர்கள் அந்தத் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெலிந்த சுவரோடு நிற்கும் பல்லின்மேல் மணிக்கணக்கில் உலோகம் படக் கூடாது. முறுக்கும் வறுத்த கடலையும் அதுவரை மறுபக்கத்தில்.

அடுத்து மெடிக்கல் எய்டு, அதாவது மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். கிரவுனுக்குப் பெரும்பாலான திட்டங்கள் முன்அனுமதி கேட்கும், எக்ஸ்ரேயும் கேட்கும். குறைந்த கட்டணத் திட்டங்கள் பலவற்றில் கிரவுனே சேராது. அனுமதி ஒரு சிகிச்சைக் குறியீட்டுக்குத்தான் கிடைக்கும். கிரவுன் என்று அனுமதி வாங்கிவிட்டு, பல்லைத் திறந்த பிறகு ஆன்லே போதும் என்று தெரிந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். அந்தப் பயத்திலேயே நல்ல பல் சீவப்படக் கூடாது. எஸ்டிமேட் வாங்கும்போதே இரண்டு சிகிச்சைக்கும் குறியீடு, பல் எண், பொருள், லேப் கட்டணம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சொத்தையை எடுத்த பிறகு வாய்க்குள் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.