மூக்கு மேலா, கீழா: தாழ்த்திய ஹைலக்ஸில் சாப்ட் கோணம் பிடித்த கதை

வன்னியில் இருந்துகொண்டு வாகனத்தைத் தாழ்த்துகிறாயா என்று கேட்காதவர்கள் குறைவு. கேள்வி நியாயமானதுதான். மாங்குளத்தில் ஏ9 வீதி காப்பெற் போட்டு வழவழவென்று கிடக்கிறது. ஆனால் அதிலிருந்து என் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை கிரவல், மாரியில் அதுவே வாய்க்கால். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்ததற்குக் காரணமே அதுதான். வீதியில் தாழ்த்தி ஓடலாம், ஒழுங்கை வந்ததும் பொத்தானை அமர்த்தித் தூக்கிக்கொள்ளலாம்.

வாகனம் பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஒரே இருக்கை வரிசை உள்ள சிங்கிள் கப், பின்சில்லு மட்டும் இழுக்கிற வகை. பின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு, பின் அச்சைப் பிடித்துவைக்க நான்கு லிங்க் கம்பிகளும் இரண்டு காற்றுப் பைகளும் போட்டாயிற்று. கொம்பிரசர், குழாய், வால்வு வேலை எல்லாம் இரண்டு ஞாயிறுகளில் முடிந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை, காற்றுக் கசிவைச் சவர்க்காரத் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.

தலையிடி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. 80 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கைக்குக் கீழே ஒரு வண்டு இரைந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தேன், அப்போதும் இரைந்தது. ஆகவே இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சில்லுகளை பலன்ஸ் பார்த்தும் மாற்றமில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீற்றர். 80இல் சில்லு செக்கனுக்கு 11 தடவை சுற்றும். பின் அச்சின் நடுவிலிருக்கும் பல்லுப் பெட்டியான டிப்பரன்சலின் விகிதம் 4.1, ஆகவே கியர்பொக்ஸிலிருந்து அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சாப்ட் 45 தடவை. சில்லில் பிழையென்றால் உலுக்கலாக அல்லவா தெரியும்? இது இரைச்சல். செக்கனுக்கு 90 அதிர்வு என்றால் பொருந்துகிறது.

அந்த 90 எங்கிருந்து வருகிறது? சாப்ட் வளைந்து சுற்ற வழிவிடும் குரோஸ் ஜொயின்ட் கோணத்தில் நிற்கும்போது, முன்பக்கம் எவ்வளவு சீராகச் சுற்றினாலும் பின்பக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். அடுத்த ஜொயின்டும் அதே அளவு கோணத்தில், சாப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நின்றால் ஒன்றின் பிழையை மற்றது விழுங்கிவிடும். என் சாப்ட் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்கும் சென்ரர் பெயரிங், மொத்தம் மூன்று ஜொயின்ட். முதலாவது சிறிய கோணத்தில் இருந்தால் போதும் (சுழியமாக இருக்கக் கூடாது, உள்ளிருக்கும் ஊசிகள் அசையாமல் ஒரே இடத்தைத் தேய்த்துக் குழியாக்கிவிடும்). இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று சமன் செய்ய வேண்டும், வித்தியாசம் 1 பாகைக்குள்.

இதெல்லாம் தெரிந்துதான் அளந்திருந்தேன். காந்தம் உள்ள டிஜிட்டல் கோணமானி, துருவைச் சுரண்டிய இடங்கள், சில்லு நான்கும் தரையில், பையில் ஓடும் உயரத்துக்கான காற்று. தரை சரிவாக இருந்தாலும் பாதகமில்லை, ஜொயின்டின் கோணம் என்பது அதன் இருபக்கத் துண்டுகளின் சரிவு வித்தியாசம் மட்டுமே. பாகையில் சொன்னால், கியர்பொக்ஸ் 2.5, முன் சாப்ட் 2.0, பின் சாப்ட் 1.2, டிப்பரன்சல் 2.0. முன் சாப்டும் டிப்பரன்சலும் 2.0, இணையாக நிற்கின்றன, ஆகவே இரண்டாவதும் மூன்றாவதும் சமன் என்று கொப்பியில் கோடு போட்டு மூடிவிட்டேன்.

மறுநாள் முறிகண்டிப் பக்கம் ஓடும்போது முன்னே மாடுகள் படுத்திருந்தன. வேகத்தைக் குறைத்தபோது கை பட்டு பின்பக்கம் ஓரங்குலம் உயர்ந்துவிட்டது. மறுபடி 80க்கு வந்தால் வண்டைக் காணோம். தாழ்த்தினேன், வந்தது. உயர்த்தினேன், போனது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு நேரே கராஜுக்குப் போனேன்.

அங்கே கராஜ் அண்ணை, வாகனத்துக்குக் கீழே நின்று வேலைசெய்யும் கிடங்குக்குள் இருந்தார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை. எதைக் கண்டும் வியப்பதில்லை.

“உயர்த்தினால் நிக்குதோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப இணை இல்லை, தம்பி. இணையா இருந்தா நீ எவ்வளவு தூக்கினாலும் ரெண்டு ஜொயின்டும் ஒரே அளவாத்தானே கூடிக் குறையும்?”

என் லிங்க் கம்பிகள் நான்கும் ஒரே நீளம், உயரம் மாறினாலும் டிப்பரன்சல் திரும்பாது. அவர் சொன்னது சரியென்றால் என் 2.0 பொய். கோணமானியை மறுபடி வைத்தபோதுதான் எண்ணுக்குப் பக்கத்திலிருந்த குட்டி அம்புக்குறியைக் கவனித்தேன். முன் சாப்ட் பின்னோக்கி 2.0 இறங்குகிறது. டிப்பரன்சலோ சாப்ட் பூட்டும் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு 2.0. எண் ஒன்று, திசை நேரெதிர். போதாததற்கு, தாழ்த்திய வாகனம் என்பதால் பின் சாப்ட் இறங்காமல் 1.2 ஏறுகிறது. இறக்கமும் ஏற்றமும் சந்தித்தால் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். நடு ஜொயின்ட் 3.2, பின் ஜொயின்ட் 0.8. ஓரங்குலம் தூக்கினால் பின் சாப்ட் மட்டமாகி இரண்டும் 2.0க்கு வரும். வண்டு ஒளிந்த இடம் அதுதான்.

கீழ்நோக்கி 2இல் நிற்கும் மூக்கு முன் சாப்டுக்கு இணையாக மேல்நோக்கி 2க்கு வர, அதை 4 பாகை தூக்க வேண்டும். அதற்காக, மேல்பக்க லிங்குகள் இரண்டையும் நீட்ட வேண்டும். மேல், கீழ் லிங்குகளுக்கு இடைவெளி 180 மில்லிமீற்றர், அப்படியென்றால் 12.5 மில்லிமீற்றர் அளவு, சுற்றுக்கு 1.5 மில்லிமீற்றர் நகரும் திருகுப் புரியில் எட்டுச் சுற்றுக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் எண்ணி எண்ணித் திருகினேன். மூக்கு உயர, பின் சாப்டும் கூடவே ஏறி 2.3 ஆயிற்று. இரண்டு ஜொயின்டும் 4.3. சமன்தான், ஆனால் 3க்குள் வந்தால்தான் எனக்கு நிம்மதி.

“பெயரிங்கைத் தூக்கு” என்றார் அண்ணை. அதைத் தாங்கும் தொங்கு பட்டையை வெட்டி 10 மில்லிமீற்றர் உயர்த்தி வெல்ட் பண்ணினோம். ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் மாறும் என்பதால் மூன்று தடவை அளக்க வேண்டியிருந்தது. முடிவில் முன் சாப்ட் 1.2 இறக்கம், பின் சாப்ட் 1.6 ஏற்றம், டிப்பரன்சல் மூக்கு மேல்நோக்கி 1.0. ஜொயின்ட்கள் முறையே 1.3, 2.8, 2.6. டிப்பரன்சலை வேண்டுமென்றே முன் சாப்டைவிட 0.2 குறைவாக விட்டோம், இழுக்கும்போது லிங்க் முனைகளின் ரப்பர் புஷ் நசுங்கி மூக்கு கொஞ்சம் தூக்கும். பையை முழுதாக இறக்கியும் ஏற்றியும் பார்த்ததில், சாப்டின் நீளம் கூடிக் குறைய வழிவிடும் வழுக்குப் பகுதியில் உள்ளே போக இன்னும் 25 மில்லிமீற்றர் மிச்சம் இருந்தது.

நேற்று பரந்தன்வரை போய் வந்தேன். 60, 80, 90, தாழ்த்தியும் உயர்த்தியும் இரைச்சல் இல்லை. 30இல், இரண்டாம் கியரில் இறுக்கி மிதித்தால் மட்டும் ஒரு சின்ன நடுக்கம் இருக்கிறது. முதலாவது ஜொயின்டாக இருக்கலாம், தேய்ந்த கியர்பொக்ஸ் மவுன்டாகவும் இருக்கலாம். அடுத்த ஞாயிறு மவுன்டை மாற்றிவிட்டு மறுபடி கிடங்குக்குள் இறங்க வேண்டும்.