ஸ்டீயரிங் எவ்வளவு இறுக்கமாக வேண்டும்?

பழைய அமெரிக்க கார்களில் ஒற்றை விரலால் திருப்பிவிடலாம், ஆனால் வேகமாகப் போகும்போது சக்கரம் எங்கே நிற்கிறது என்றே கைக்குத் தெரியாது, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. அதனால் என் காரின் பவர் ஸ்டீயரிங் பெட்டியைப் பிரித்தபோதே கொஞ்சம் தடிமனான டார்ஷன் பார் போட்டேன். நாம் திருப்பும்போது இந்தக் கம்பி லேசாக முறுகி வால்வைத் திறக்கிறது, எண்ணெய் அழுத்தம் உதவிக்கு வருகிறது. கம்பி தடித்தால் முறுக்க அதிக பலம் வேண்டும், ஸ்டீயரிங் இறுக்கமாகிறது, அவ்வளவுதான்.

மிகவும் இறுக்கமானது வேண்டாம், நடுத்தரம் போதும். அகலமான டயர் போட்டிருந்தால், அப்புறம் பார்க்கிங்கில் தோள் வலிக்கும். முக்கியமாக, பெட்டியின் மேலுள்ள திருகை முறுக்கி இறுக்கம் கொண்டுவராதீர்கள். அது பல்சக்கர இடைவெளியைச் சரிசெய்யத்தான், அதிகமாக முறுக்கினால் பற்கள் தேய்ந்துபோகும். காஸ்டர் கோணத்தையும், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்த்தால் எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். அது குறைவாக இருந்தால் எந்தக் கம்பி போட்டாலும் வளைவு முடிந்து ஸ்டீயரிங் தானாக நேருக்குச் சரியாகத் திரும்பாது.